தோட்டக்காரருக்கு மகிழ்ச்சி வேலையிலா, விளைந்த தோட்டத்திலா?

பணி ஓய்வுக்குப் பின் வீட்டு மாடியில் தோட்டம் போட எண்ணியிருக்கும் ஒருவர், 'தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்மையில் ரசிப்பது அந்த வேலையையா, வேலை முடிந்து நிற்கும் தோட்டத்தையா?' என்று கேட்டிருக்கிறார். மண்ணில் கைவைத்துப் பழக்கமில்லாத தமக்கு, மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் வைத்துக்கொண்டால் போதாதா என்ற வரியையும் கேள்வியோடு சேர்த்திருக்கிறார். ஆகவே அவர் அறிய விரும்புவது, உழைப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பலனை மட்டும் வைத்துக்கொண்டால், செடி வளர்ப்பவர்கள் சொல்லும் அந்த நிறைவு கூடவே வருமா என்பதுதான் என்று கொள்கிறேன். நான் தோட்டக்கலை படித்து, நாற்றுப்பண்ணையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபின், இப்போது கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் தோட்டங்களும் மாடித்தோட்டங்களும் அமைத்துக் கொடுத்து, அவற்றைத் தொடர்ந்து போய்ப் பார்த்து வருபவன். உளவியல் நான் முறையாகப் படித்த துறை அன்று. அதைப் பற்றிச் சொல்லும் இடங்களில் வெளியாகியுள்ள ஆய்வுகளை மட்டுமே துணைக்கொள்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல ஆண்டுகள் விடாமல் செடி வளர்ப்பவர்களிடம் நான் கண்ட மகிழ்ச்சி, உடலுழைப்பிலும் இல்லை, முடிந்த தோட்டத்தின் அழகிலும் இல்லை. தன் கை பட்ட ஒன்று நாளுக்கு நாள் மாறிவருவதைக் கூடவே இருந்து கவனிப்பதில் இருக்கிறது. அந்தக் கவனிப்புக்கு ஓரளவாவது சொந்த வேலை தேவைப்படுகிறது. ஆனால் எல்லா வேலையும் தேவைப்படுவதில்லை. விளைவை மட்டும் எண்ணித் தொடங்கியவர்களில் பலர், முதல் அக்னி நட்சத்திர வெயிலோடு தொட்டிகளை ஓரம் கட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

'வேலை' என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. செம்மண்ணையும் தேங்காய் நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் கலந்து, அந்த மூட்டைகளை மூன்று மாடி ஏற்றுவதை ரசித்துச் செய்பவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. செம்பருத்தியின் கணுக்களில் அப்பியிருக்கும் மாவுப்பூச்சியைத் துணியால் துடைத்து எடுப்பதும், சித்திரை வெயிலில் காலையும் மாலையும் நீர் சுமப்பதும் அப்படித்தான். விதை ஊன்றுவதும், நாற்றைப் பிடுங்கி நடுவதும், கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுவதும், கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்து செய்வதும் வேறு வகை. கைவைத்தவுடன் செடியின் போக்கு மாறப்போகிறது என்று தெரிந்து செய்யப்படும் வேலைகள் இவை. களை எடுப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாத்தியில் குந்தி அமர்ந்து கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுப்பதை மனம் அமைதியாகும் நேரம் என்று சொல்பவர்களும் உண்டு, முதுகுவலி என்று மட்டும் சொல்பவர்களும் உண்டு.

ஒரு சிறு வேலையை அருகில் வைத்துப் பார்க்கலாம். நகரத்து உயர்ந்த மாடிகளில் பூசணி, சுரை, பீர்க்கு போடுபவர்களுக்குத் தேனீக்கள் போதிய அளவு வருவதில்லை. பெண்பூக்கள் பிஞ்சிலேயே வெம்பி உதிரும். ஆகவே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறினால் வதங்கிவிடும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. ஆண்பூவின் அடியில் வெறும் காம்புதான் இருக்கும், பெண்பூவின் அடியில் விரல்நுனி அளவுக்கு ஒரு பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண்பூவைப் பறித்து இதழ்களைக் களைந்துவிட்டு, நடுவில் நிற்கும் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவ வேண்டும். செய்வதற்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக எந்தப் பூ இன்று மலரும் என்று முந்தைய நாளே மொட்டைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். அடுத்த மூன்று நான்கு நாட்களில் பிஞ்சு பச்சையாகவே பருத்தால் சேர்ந்துவிட்டது, மஞ்சளித்துச் சுருங்கினால் சேரவில்லை. இந்த நான்கு நாட்களில் வேலை எங்கே முடிந்து பார்ப்பது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்காட்ட என்னால் இயலாது. மாடிக்குப் போய் அந்தப் பிஞ்சைத் தொட்டுப் பார்க்கும் ஆளின் முகத்தில் இருப்பதைத்தான் நான் தோட்டக்காரரின் மகிழ்ச்சி என்கிறேன், காய் சமையலறைக்கு வரும் நாளில் அதே முகத்தில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

குண்டுமல்லியும் இதையே வேறு வகையில் காட்டுகிறது. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, காய்ந்த குச்சிகளையும் நோய்ப்பட்ட கிளைகளையும் நீக்கி, உரமிட்டு நீர் பாய்ச்ச வேண்டும் என்பது மல்லிகை வளர்ப்பவர்கள் அறிந்த முறை. வெட்டி முடித்த நாளில் பார்த்தால் அது அழகே இல்லாத குச்சிக் கட்டு. ஆனால் செடியைத் தெரிந்தவர் அன்றுதான் அதன்முன் நின்று நேரம் போவது தெரியாமல் பார்க்கிறார். எந்தக் கணுவில் எந்தத் திசையில் தளிர் எழும் என்று அவர் கண் கணக்குப் போடுகிறது. பிறகு கணுக்களில் இணையிணையாகத் தளிர் விட்டு, கிளைநுனிகளில் மொட்டு கட்டி, மார்ச் மாதத்தில் பூ கூடும். அந்தப் பூவும் மலர்ந்தபின் பறிக்கப்படுவதில்லை, விடியும் முன்னே மொட்டாகவே கிள்ளப்படுகிறது; மாலையில் அது விரிவது தலையிலோ சாமி படத்தின் மேலோதான். முழுக்க மலர்ந்து நிற்கும் மல்லிகைச் செடி, விற்பனைக்கு வளர்ப்பவருக்குப் பறிக்கத் தவறிய செடி. வேலை முடிந்த காட்சி என்று ஒன்று அந்த நிலத்தில் எந்த நாளிலும் தோன்றுவதில்லை. ஆயினும் தலைமுறைகளாக மல்லிகை வைத்திருக்கும் குடும்பங்களில், விலை விழுந்த ஆண்டில்கூடச் செடியைப் பற்றிப் பேசும்போது குரலில் பெருமை குறைவதில்லை.

அப்படியானால் காட்சிக்காகவே அமைக்கப்படும் தோட்டங்கள் எதற்கு என்று கேட்கலாம். உதகமண்டலம் தாவரவியல் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 1848-இல் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அமைக்கத் தொடங்கிய அந்தப் பூங்காவில், ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் மலர்க்காட்சிக்கு விதைப்பும் நாற்று நடவும் பல மாதங்கள் முன்னரே ஆரம்பமாகிவிடுகின்றன. உறைபனிக் காலத்தில் இளஞ்செடிகள் கருகிவிடாமல் இருக்கக் கோத்தகிரி மிலார்ச் செடிகளைக் கொண்டு அவற்றை மூடி வைப்பார்கள். ஆயிரக்கணக்கான தொட்டிகள் ஒரே வாரத்தில் பூத்து நிற்கும்படி நாள் கணித்து விதைப்பது எளிய வேலை அன்று. காட்சிக்கு வரும் மக்கள் பார்ப்பது அந்தச் சில நாட்களை. அங்கே வேலை செய்பவர்களின் நினைவில் இருப்பது பெரும்பாலும் பனி விழுந்த இரவுகள்தான். எந்தப் பாத்தி தப்பியது, எந்தப் பாத்தியில் மறுநடவு செய்ய வேண்டியிருந்தது என்று தோட்டத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால் இது விளங்கும்.

முடிந்த தோட்டத்தைத் தாமே கலைத்த தோட்டக்காரரும் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில், புது டில்லியை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸ் அமைத்த ரோஜாத் தோட்டம் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் பிறந்து வாழ்ந்த கிறிஸ்டோபர் லாயிட், 1993-இல், தமது எழுபது வயதுக்கு மேல், தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டுடன் சேர்ந்து அந்த ரோஜாக்களை அகற்றிவிட்டு வாழையும் கல்வாழையும் டேலியாவும் நட்டார். ஒரே இடத்தில் நெடுங்காலம் இருந்த ரோஜாக்கள் அங்கே சரியாக வரவில்லை என்பது ஒரு காரணம். நம் புழக்கடையில் கழிவுநீர் ஓரமாக யாரும் திரும்பிப் பார்க்காமல் நிற்கும் கல்வாழையை, குளிர்நாட்டில் ஒவ்வொரு பனிக்காலமும் கிழங்கெடுத்துக் காப்பாற்றி வைத்து அவர் வளர்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மெச்சப்பட்ட, முழுமையான காட்சி ஒன்று கையில் இருக்கும்போதே அதைப் பிடுங்கி மறுபடி தொடங்குகிறவருக்கு, காட்சி மட்டும் போதுமானதாக இருந்திருக்க முடியாது.

இதனால் பார்த்து ரசிப்பது அற்பமானது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பார்ப்பதற்கே தனிப் பலன் உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஒப்பிட்டது. சன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்த 23 பேரும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த படுக்கையில் இருந்த 23 பேரும் வயது முதலியவற்றில் இணை சேர்க்கப்பட்டிருந்தனர். மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அந்த மரங்களை அவர்கள் நடவில்லை, நீர் ஊற்றவில்லை. எண்ணிக்கை சிறியது, ஒரே மருத்துவமனை, ஒரே வகை அறுவை என்ற வரம்புகள் அதற்கு உண்டு. எனினும் ஆள் வைத்துப் பராமரிக்கும் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருவதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று யாராவது சொன்னால், அதை நம்பத் தேவையில்லை.

வேலையின் பக்கமும் ஆய்வுகள் உண்டு. 2011-இல் நெதர்லாந்தில் ஆக்னஸ் வான் டென் பெர்க்கும் மரியெட் கஸ்டர்ஸும் வெளியிட்ட ஆய்வில், சிறு நிலத்துண்டுகளில் தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு சோதனை கொடுக்கப்பட்டது. பிறகு ஒரு பாதியினர் அரை மணி நேரம் தங்கள் தோட்டத்தில் வேலை செய்தனர், மறுபாதியினர் உள்ளே அமர்ந்து வாசித்தனர். இரு சாராருக்கும் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது, மனநிலையும் அவர்களுக்கு முழுமையாக மீண்டது. இங்கும் எச்சரிக்கை தேவை. கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே தோட்டப் பழக்கம் உள்ளவர்கள். வாசித்தவர்கள் கூரைக்குக் கீழே இருந்தார்கள், வேலை செய்தவர்கள் வெளிக்காற்றில் இருந்தார்கள். மண்ணைக் கிளறியதால் வந்த பலன் எவ்வளவு, வெயிலும் காற்றும் தந்தது எவ்வளவு என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரிக்க முடியாது.

கேட்டவரின் உண்மையான ஐயத்துக்கு மிக அருகில் வருவது 1976-இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில், ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அன்றாட வாழ்க்கை உங்கள் பொறுப்பு என்று எடுத்துச் சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தாங்களே தேர்ந்தெடுத்துப் பராமரிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுக்கப்பட்டது, ஆனால் நீர் ஊற்றுவதும் கவனிப்பதும் பணியாளர்களின் பொறுப்பாக வைக்கப்பட்டது. சில வாரங்களில், பொறுப்பு ஏற்ற தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் விழிப்போடும் காணப்பட்டனர். இதைக் காட்டி, செடியை நாமே கவனித்தால் நலம், ஆளை விட்டுக் கவனித்தால் நலமில்லை என்று மேடைகளில் பேசுவோரைக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு தூரம் போக அந்த ஆய்வு இடம் தராது. பொறுப்பு ஏற்ற தளத்தினருக்குச் செடியோடு வேறு பல முடிவுகளும் விடப்பட்டிருந்தன. பலன் செடியால் வந்ததா, பொறுப்பு ஏற்றதால் வந்ததா என்று அறுதியிட வழியில்லை. பொறுப்பால் வந்தது என்றே நான் நம்புகிறேன், ஆனால் அது என் அனுபவத்தின் மேல் நிற்கும் நம்பிக்கை.

உழைப்பையும் விளைவையும் எதிரெதிராக நிறுத்துவதில் ஒரு கோளாறு இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்றையும் சொல்ல வேண்டும். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தம் கையால் மடித்த காகித உருவங்களை மக்கள், கைதேர்ந்தவர்கள் செய்தவற்றுக்கு ஈடாக மதித்தார்கள். ஆனால் வேலையை முடிக்க முடியாதபோதும், முடித்ததைக் கலைத்துவிட்டபோதும் அந்தக் கூடுதல் மதிப்பு நிற்கவில்லை. காகிதம் செடி அல்ல என்பது உண்மை. எனினும் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் பார்ப்பதும் இதுவே. முதல் முயற்சியிலேயே காலிஃப்ளவரையும் குடைமிளகாயையும் போட்டு, புழுவும் இலைச்சுருட்டலும் கண்டு ஒரு காயும் எடுக்காதவருக்கு, பட்ட பாடு முழுவதும் வெறும் பாடாகவே மிஞ்சுகிறது. முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் போட்டவர் ஒரு மாதத்துக்குள் ஒரு கட்டாவது அறுத்து, குழம்பில் போட்டுச் சாப்பிட்டு, மறுவிதைப்புக்குத் தானாகவே மாடி ஏறுகிறார். உழைப்பில் இன்பம் பிறக்க ஏதோ ஒரு விளைவு, சிறியதானாலும், தொடக்கத்தில் கையில் கிடைக்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்வதற்கு உள்ள பெரிய வரம்பு, நான் திரும்பத் திரும்பச் சந்திப்பவர்கள் தோட்டத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் என்பது. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை, அதாவது வளர்ப்புப் பைகளும் விதைகளும் அடங்கிய தொகுப்புகளை, மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியபின் ஆர்வமாக வாங்கியவர்கள் ஏராளம். வெறும் பைகளாக மடித்து மாடிப்படிக்குக் கீழே வைக்கப்பட்டவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டவர்கள் வேலை பிடிக்காமல் விட்டார்களா, விளைவு வராமல் விட்டார்களா, வீட்டில் நேரமும் தண்ணீரும் இல்லாமல் விட்டார்களா என்பதற்கு அவர்களைத் தேடிப் போய்க் கேட்டிருந்தால்தான் விடை கிடைக்கும். வேலையைத் தொடர்ந்தவர்களை மட்டும் வைத்து வேலைதான் இன்பம் என்று முடிவு கட்டுவது சரியாகாது.

இந்தக் கேள்வியில் வராத ஒருவரும் இருக்கிறார். நீங்கள் அமர்த்த எண்ணும் அந்த ஆள். பிறர் வீட்டுத் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்பவருக்கு உழைப்பு முழுவதும் உரியது, நாற்காலி போட்டுப் பார்க்கும் நேரம் உரியதன்று. வெயிலும், கையுறை இல்லாமல் தெளிக்கும் மருந்தும், காலதாமதமாக வரும் சம்பளமும் சேர்ந்த அந்த வாழ்க்கையை இன்பம் என்று பூசி மெழுக நான் தயாராக இல்லை. ஆனால் அவர்களிடமும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தோட்டம் முழுவதையும் 'ஐயா வீட்டுத் தோட்டம்' என்று சொல்பவர், ஒரு நந்தியாவட்டையைக் காட்டும்போது மட்டும் 'இது நான் குச்சி வெச்சு வந்ததுங்க' என்று குரலை மாற்றிச் சொல்வார். முதலாளி அந்தச் செடியை வெட்டச் சொன்னால் அன்றைக்கு அவர் முகம் வாடிவிடும். உடைமை இல்லாமல், விளைவை அனுபவிக்கும் உரிமையும் இல்லாமல், கை பட்ட ஒரே காரணத்தால் ஒரு செடி ஒருவருக்குச் சொந்தமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என்னிடம் இல்லை.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற வயதில் மண்மூட்டையைத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்வதால் எந்த நிறைவும் வரப்போவதில்லை. மண் கலப்பது, தொட்டி மாற்றுவது, பந்தல் கட்டுவது, தளத்தில் நீர்க்கசிவு இல்லாமல் வடிகால் பார்ப்பது ஆகியவற்றை அவரிடம் விட்டுவிடுங்கள். அதற்கு வாரம் ஒருநாள் வந்தால் போதும், நாள்தோறும் வரச் சொல்ல வேண்டாம். நாள்தோறும் வந்தால் நீர் ஊற்றுவதையும் அவரே பார்த்துக்கொள்வார், பிறகு நீங்கள் மேலே போகவே காரணம் இருக்காது. விதை ஊன்றுவது, காலை ஏழு மணிக்கு முன் ஒரு சுற்று வந்து இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது, மாலையில் பீர்க்குக்கு மகரந்தம் சேர்ப்பது, நுனி கிள்ளுவது, பறிப்பது ஆகியவை உங்கள் கையில் இருக்கட்டும். தொட்டிகள் பத்துக்கு மேல் வேண்டாம். கோடையில் தொடங்காமல் ஆடிப்பட்டத்தில் தொடங்குங்கள். முதலில் இரண்டு தொட்டிக் கீரை, பிறகு கத்தரி, வெண்டை, ஒரு பீர்க்கங்கொடி.

தைப்பொங்கல் வரை இப்படிப் போகட்டும். அதற்குள் காலைச் சுற்றுக்கு உங்கள் கால் தானாகவே படியேறினால், ஆளின் வேலையில் இன்னும் கொஞ்சத்தை நீங்களே எடுத்துக்கொள்வீர்கள், அதை நான் சொல்ல வேண்டியிருக்காது. அப்படி இல்லாமல், எல்லாம் முடிந்து தளம் கழுவிய பிறகு உட்காரத்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தால், காய்கறியை விட்டுவிட்டு நந்தியாவட்டை, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், போகன்வில்லா என்று கவனிப்பு அதிகம் கேட்காத செடிகளுக்கு மாறிக்கொள்ளுங்கள். அவை அந்த ஆளின் வாரம் ஒருநாள் வேலையிலேயே நன்றாக நிற்கும். இடையில் நீர் ஊற்ற வேண்டிய நாட்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால் போதும்.